கொடித் தவறணை (நாற்றங்கால்): இந்த முறை 60க்கு 52

52. இன்று காலை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். பெப்ரவரியில் பையில் ஊன்றிய 60 திராட்சைத் தடிகளில் 52 வேர் பிடித்து, ஆளுக்கு ஐந்தாறு இலையோடு நிற்கின்றன. ஏப்ரல் முழுக்கப் பின்னேரமானால் இடித்துப் பெய்த மழையையும் தாண்டித்தான் நிற்கின்றன. போன வருடம் செப்டெம்பர் கடைசியிலும் இதேபோல 60 தடிகளை ஊன்றினேன். டிசம்பர் முடியும்போது 11தான் மிஞ்சியது. அப்போது எழுத மனம் வரவில்லை.

தடிகள் இரண்டு முறையும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. யாழ்ப்பாணத்தில் இருக்கும் நண்பர் தன் தோட்டத்தில் கவாத்து முடிந்த கையோடு, பென்சில் பருமனில் மூன்று நான்கு கணு வைத்து வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் போட்டுவிடுவார். வகை இஸ்ரேல் புளூ. அவர் வாயில் முந்திரிகை, நமக்குத் திராட்சை.

பிழை என் பக்கம்தான். அம்மா தோட்டத்துத் தேயிலைத் தவறணையில் 19 வருடம் வேலை செய்தவர். பை நிரப்புவது, மூங்கில் வளைத்துப் பொலித்தீன் மூடுவது, மெல்ல மெல்லத் திறந்து நாற்றை வெயிலுக்குப் பழக்குவது எல்லாம் அவர் கையில் இருக்கிறது. அதை அப்படியே திராட்சைக்குச் செய்தேன். காற்றுப் புகாத கூடாரம், மேலே நிழல் வலை. பண்டாரவளைக்கு மேலே, கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரம். வாடைக்காற்று மாதங்களில் காலை பத்து மணிவரை மூடுபனி விலகாது. பொலித்தீனைத் தூக்கினால் உள்பக்கம் முழுக்கத் துளி துளியாகத் தொங்கும். அதைப் பார்த்து ஈரம் நன்றாக நிற்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

நண்பருக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்து, “இலையே இல்லாத தடிக்கு ஏன் ஐசே கூடாரம்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. தேயிலையை ஒரு கணுவும் ஒரு இலையுமாக வெட்டி ஊன்றுகிறோம். வேர் வரும்வரை அந்த இலை காயக்கூடாது, அதற்குத்தான் கூடாரம். திராட்சைத் தடி முற்றிய மொட்டைக் குச்சி. அது தனக்குள் இருக்கும் சத்தை வைத்தே துளிர்க்கும். துளிர்த்து இலை விரிகிற நேரத்தில் அந்த ஈரம் கீழ்ப்பூஞ்சணம் என்ற இலை நோய்க்கு வைத்த விருந்து. இந்த நோயின் வித்திகள் இரவில், ஈரக்காற்றில், இலையின் அடியில் வெள்ளையாகக் கிளம்பும். இலையில் தண்ணீர்ப் படலம் இருந்தால் அதிலேயே நீந்திப் போய், அடிப்பக்கத்து நுண்துளை வழியாக உள்ளே இறங்கும். வெளியே மழை இல்லாத நாளிலும் என் கூடாரத்துக்குள் இலை நனைந்துதான் இருந்தது.

நோய் எது என்று பிடிப்பதிலேயே இரண்டு வாரம் போய்விட்டது. இலையின் மேல்பக்கத்தில், வடை சுற்றிய பேப்பரில் எண்ணெய் ஊறினாற்போல மஞ்சள் திட்டு. உரக் குறை என்று நினைத்து உரம் போட்டேன். இப்போது சந்தேகம் வந்தால் பைச் சோதனைதான். திட்டு உள்ள இலையை ஈரத்துணியோடு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, ஒரு இரவு அலுமாரிக்குள் இருட்டில் வைக்க வேண்டும். காலையில் திட்டுக்கு நேர் அடியில் மட்டும் வெள்ளைப் பஞ்சு பூத்திருந்தால் கீழ்ப்பூஞ்சணம். மேலே சாம்பல் தூவினாற்போல இருந்து, விரலால் தேய்த்தால் வருவது தூள் பூஞ்சணம். அது வேறு வழக்கு.

சரி, மருந்துக்கு வருகிறேன். மயில்துத்தம் என்ற செம்பு உப்பையும் சுண்ணாம்பையும் கலக்கும் போர்டோ கலவையில் நான் பட்ட பாட்டை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

செம்பு மருந்து நம் ஆட்களுக்குப் புதிதில்லை. 1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்ததிலிருந்து தோட்டங்களில் அடித்து வருவதுதான். ஆனால் போர்டோ கலவை பிறந்ததே திராட்சைக்காக. பிரான்சில் வழியில் போகிறவர்கள் பழம் பறிக்காமல் இருக்க, தெருவோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்திருக்கிறார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை கொட்டாததைக் கவனித்த மிலார்தே என்ற பேராசிரியர், 1885இல் அதை இதே கீழ்ப்பூஞ்சணத்துக்கு மருந்தாக வெளியிட்டார். கடையில் செம்புத் தூள் பக்கெற்றில் கிடைக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பதமாகக் கலந்த போர்டோ இலையில் காய்ந்துவிட்டால் மழைக்குச் சீக்கிரம் கரையாது. நம் ஊர் மழைக்கு அதுதான் வேண்டும்.

வளர்ந்த கொடிக்கு 1 சதவீதம், அதாவது 10 லீற்றருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. நாற்றுக்கு நான் பாதிதான் போடுகிறேன், 50க்கு 50. மயில்துத்தத்தை வாளியின் அடியில் கொட்டினால் கல்லாகக் கிடக்கும். துணியில் முடிந்து தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிட்டால் நீல நூல் நூலாக இறங்கி, அரை மணித்தியாலத்தில் முடிச்சு வெறும் துணியாகிவிடும். பிளாஸ்டிக் வாளிதான், தகர வாளி பக்கமே போகக்கூடாது.

சிக்கல் சுண்ணாம்பில். முதல் வருடம் கடையில் வாங்கிய பொடி, தண்ணீர் ஊற்றினால் சத்தமே இல்லாமல் கரைந்தது. சூடும் வரவில்லை. காற்றுப் பட்டுப் பட்டுச் செத்துப்போன சுண்ணாம்பு. அதை நம்பிக் கலந்து அடித்தேன், மூன்றாம் நாள் இளம் இலைகளின் ஓரமெல்லாம் கருகிவிட்டது. நோயில் போனது பாதி, என் மருந்தில் போனது மீதி. விற்றவரிடம் போய்க் கேட்டால், சுண்ணாம்பில் என்ன பழசு புதுசு என்கிறார். அவ்வளவு கோபம் வந்தது.

இந்த முறை கட்டிச் சுண்ணாம்பாகவே தேடி வாங்கினேன். மாத்தளைப் பக்கத்துக் கல் என்று வியாபாரி சொன்னார். கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் சீறி, வெடித்து, வாளி தொடமுடியாத சூடு. அதுதான் உயிருள்ள சுண்ணாம்பு. கண்ணைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். ஆறியதும் பழைய சேலைத் துணியில் வடித்து, பாதித் தண்ணீரில் கரைத்து, அதில் நீலத் தண்ணீரைக் கிண்டிக் கிண்டி ஊற்றினேன். வான நிறத்தில் மோர் போல வர வேண்டும். பிறகு தீட்டிய கவாத்துக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பார்ப்பேன். அலகில் செம்பு நிறம் ஏறினால் செம்பு இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, கத்தியைத் துடைத்து, மறுபடி முக்க வேண்டும். முதல் நாள் நான்கு தடவை முக்கினேன். நான்காவது தடவை அலகு போன மாதிரியே வெள்ளையாக வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கத்தியைப் பார்க்காமல் வாளியைப் பார்த்து, “இந்தக் கலருதான்டா உங்க தாத்தா சட்டையில எப்பவும் இருக்கும்” என்றார். தாத்தா தோட்டத்தில் மருந்தடித்தவர்.

கலந்ததை அன்றே அடித்து முடிக்க வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் அடியில் படிந்துவிடும். பனி விலகி இலை காய்ந்த பிறகு, வெயில் இருக்கும்போதே அடிக்கிறேன். மெதுவாகக் காய்ந்தால் செம்பே இலையைச் சுடும். தெளிப்பான் முனையை மேல்நோக்கி வளைத்து, பைகளுக்கு இடையில் குனிந்து, அடியிலிருந்து மேலே. மேலே மட்டும் அடித்தால் வாசலைத் திறந்துவிட்டு ஜன்னலைப் பூட்டின கதைதான்.

ஆனால் மருந்தைவிடக் கூரைதான் அதிகம் காப்பாற்றியது. பொலித்தீனை ஆள் உயரத்துக்குத் தூக்கி, நாலு பக்கமும் திறந்துவிட்டேன். பைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. பீலித் தண்ணீரை (ஊற்றுக் குழாய்த் தண்ணீர்) காலையில் மட்டும், இலையில் படாமல், பை வாயில் ஊற்றுகிறேன். மொத்தமே மூன்று தடவைதான் மருந்தடித்தேன்.

போன 8இல் மூன்று வேரே விடவில்லை. ஐந்தில் தடியிலேயே குழி விழுந்த புண், நடுவில் சாம்பல், சுற்றிக் கருமை. பறவைக் கண் நோய். ஊன்றும்போதே கவனித்துக் கழித்திருக்க வேண்டும். பையோடு எடுத்து எரித்துவிட்டேன். அடுத்த கட்டுக்கு இரண்டு நாள் ஒதுக்கி, ஒவ்வொரு தடியையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்துத்தான் ஊன்றப் போகிறேன்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் முறை தேயிலைத் தவறணை மண்ணையே நிரப்பியிருந்தேன். அது தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண், திராட்சைக்கு ஆகாது. புளிப்பு மண்ணில் விழும் செம்பு வேரையும் கூடுதலாக வதைக்கும். இப்போது புளிப்பைக் குறைக்கும் டொலமைட் தூள் கலந்து ஒரு மாதம் ஆறப்போட்ட மண், மணல், மக்கிய சாணம். வெலிமடையில் உருளைக்கிழங்கு போடும் ஒருவர் மென்கோசெப் என்ற பூஞ்சண மருந்தையும் மாறி மாறி அடிக்கச் சொல்கிறார். கிழங்கின் கருகல் நோயும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான். ஒக்டோபர் மழைக்கு முன் அதைப் பாதிப் பைகளில் மட்டும் அடித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பெரிய பைக்கு மாற்றுவதற்கும் இன்னும் மண் சலிக்கவில்லை.

மூன்றாம் வரிசையில் ஒரு செடியில் இன்று சின்னதாக மஞ்சள். வெயில் சுட்டது என்கிறார் அம்மா. இலையைக் கிள்ளிப் பையில் கட்டி அலுமாரியில் வைத்திருக்கிறேன்.