‘இம்’ வேண்டாம், ‘அம்’ போதும்: முதலாம் ஆண்டு வாசிப்பு நாட்குறிப்பு

பெஸ்தாரி ஜெயா, 2026

ஜனவரி 19, திங்கள்

இந்த வாரம் முழுக்க வாசிப்புச் சோதனை. ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க 4 நிமிடம் போதும். ஒரு தாளில் நான்கு வரி. முதல் வரியில் உயிரெழுத்து 12, கலைத்துப் போட்டது. இரண்டாவதில் க, ங, ச என்று வரும் 18 எழுத்தும் அதேபோல் கலைத்து. மூன்றாவதில் புள்ளி இல்லாத சொற்கள்: ஆடு, வீடு, தலை, காது, குடை. நான்காவதில் புள்ளி உள்ளவை: மரம், பால், அம்மா, பட்டம், நண்டு.

கட்டாயம் கலைத்துப் போட வேண்டும். வரிசையாக எழுதினால் ‘அ ஆ இ ஈ’ பாட்டாக வந்துவிடும். கண் எழுத்தைப் பார்த்ததா இல்லையா என்பது தெரியாமலே போய்விடும்.

சரி, தவறு என்று மட்டும் குறித்தால் அந்தத் தாளால் பயனில்லை. வாயில் என்ன வந்ததோ அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். ‘பட்டம் – தவறு’ என்ற குறிப்பிலிருந்து எதுவும் புரியாது. ‘ப, இட், ட, இம்’ என்று எழுதியிருந்தால் அடுத்த இரண்டு வாரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

முதல் மூன்று வரியையும் தடுமாறாமல் சொல்லிவிட்டு நான்காவதில் நின்றுபோகும் பிள்ளைகள்தாம் அதிகம். “எழுத்தெல்லாம் தெரியுது டீச்சர், ஆனா படிக்க மாட்டேங்குறான்” என்று வீட்டிலிருந்து வரும் குறை இவர்களைப் பற்றியதுதான். சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. எழுத்துக்கும் சொல்லுக்கும் இடையில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

ஜனவரி 21, புதன்

அந்தப் படி, புள்ளி எழுத்து.

‘ம்’ அட்டையைக் காட்டி இது என்ன என்று கேட்டால் எல்லாரும் ‘இம்’ என்பார்கள். மெய்யைத் தனியே ஒலிப்பது கடினம் என்பதால் முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு வைத்துச் சொல்வது பழைய வழக்கம். எழுத்தின் பெயர் என்ற அளவில் அதில் குற்றமில்லை. வாசிக்கும்போதும் அந்த இகரம் கூடவே ஒட்டிக்கொண்டு வருவதுதான் சிக்கல். அ, இம், மா மூன்றையும் வேகமாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ‘அயிம்மா’ என்றுதான் வரும். அப்படி ஒரு சொல்லைப் பிள்ளை கேட்டதே இல்லை. அதனால் எழுத்தை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது.

ஆகவே வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான எங்கள் குறைநீக்கல் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு: புள்ளி எழுத்தைத் தனியாகக் காட்டுவதும் இல்லை, தனியாகச் சொல்லச் சொல்வதும் இல்லை. அது எப்போதும் தனக்கு முன்னால் உள்ள எழுத்தின் மேல் சாய்ந்துதான் நிற்கும். அம், ஆம், கல், கால், மீன். இரண்டு எழுத்து, ஒரே வாயசைவு.

அட்டையையும் அதற்கேற்ப வெட்ட வேண்டும். மணிலா அட்டையில் உயிர், உயிர்மெய் எழுத்துகளுக்கு 6 செண்டிமீட்டர் சதுரம். புள்ளி எழுத்துக்கு உயரம் அதே 6, அகலம் 3 மட்டும். பார்த்தாலே பாதி அட்டை, தனியாக நிற்காது என்று தெரிய வேண்டும். இடது ஓரத்தின் பின்புறம் சிறிது புளு டேக் (ஒட்டி எடுக்கக்கூடிய பசை).

ஜனவரி 23, வெள்ளி

செய்முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தவறு நேர்வது இங்கேதான்.

மேசையில் ‘ப’, ‘ட’ இரண்டையும் வைக்கிறோம். பிள்ளை ‘பட’ என்று வாசித்து, கடைசி எழுத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும்: ‘படஅஅ…’. அந்த ஒலி நிற்பதற்குள் வலப்பக்கத்திலிருந்து ‘ம்’ பாதி அட்டையை மெல்லத் தள்ளிக்கொண்டு வந்து ‘ட’வின் மேல் ஒட்டுகிறோம். அட்டை தொட்டதும் உதடு மூட வேண்டும். ‘படம்’. வேறொன்றும் இல்லை. அட்டை வருவதற்கு முன்பே பிள்ளை மூச்சை நிறுத்திவிட்டால் மறுபடியும் ‘பட… இம்’ ஆகிவிடும். அதனால் அட்டையைத் தள்ளும் கை ரொம்ப மெதுவாகவும் போகக்கூடாது. ஒரு மூச்சுக்குள் வந்து சேர வேண்டும்.

எந்தப் புள்ளி எழுத்து முதலில் என்பதற்கும் காரணம் உண்டு. ம், ன், ல் மூன்றும் முதல் வாரம், ஏனென்றால் அவற்றை இழுத்துச் சொல்ல முடியும்: மரம், நகம், மீன், தேன், பால், கல். அடுத்து ர், ய், ள், ண்: தேர், நாய், தேள், கண். க், ச், ட், த், ப், ற் ஆறும் கடைசி. அவை தமிழ்ச் சொல்லின் இறுதியில் வருவதில்லை. நடுவில்தான் வரும், அதுவும் மூச்சை அடைத்து நிற்கும். இழுக்க முடியாத ஒலியை வைத்து இழுக்கக் கற்றுக்கொடுக்க முடியாது. மெய்யெழுத்துப் பட்டியல் ‘க்’கில் தொடங்குகிறது என்பதற்காக வாசிப்பையும் ‘க்’கில் தொடங்குவது பிள்ளைக்கு மிகக் கடினமானதை முதலில் கொடுப்பதாகும்.

ஜனவரி 28, புதன்

இரட்டை எழுத்து: அக்கா, பச்சை, பட்டம், பத்து, அப்பா.

‘பட்டம்’ என்பதில் எழுத்து நான்கு, கைதட்டு இரண்டு. பட்–டம். முதலில் வெறும் காதால் செய்யவேண்டும், அட்டை வேண்டாம். சொல்லைச் சொல்லி, வாய் எங்கே வெட்டுகிறதோ அங்கே தட்டச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சட்டென்று வந்துவிடும். மலாய் வகுப்பில் ‘சுக்கு காத்தா’ (சொல்லின் ஒலித்துண்டு) என்று ‘லம்–பு’வுக்குக் கைதட்டிய அதே காதுதானே. அந்தப் பழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவரத் தயங்க வேண்டியதில்லை.

(யாப்பில் படிக்கும் அசையை இங்கே இழுத்து வரக்கூடாது. அங்கே ‘பட’ இரண்டும் சேர்ந்து ‘நிரை’ என்ற ஒரே அசை. இங்கே ப ஒரு தட்டு, ட ஒரு தட்டு.)

பிறகு அட்டை. ‘பட்’ ஒரு துண்டு, ‘டம்’ ஒரு துண்டு. முதல் துண்டில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். “ஒட்டிக்கிச்சா? இப்ப விடு.” விட்டால் ‘டம்’ தானாக வரும்.

இன்று ஒரு பிள்ளை ‘பட்டம்’ எழுதிய தாளில் வலது விரலை ‘ட’வுக்கும் ‘ட்’டுக்கும் நடுவே குத்தி வைத்து, பின்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். ‘பட்’ என்று சொல்லிக் காத்திருந்தான். பிறகு கையை எடுத்தான். இந்தக் கை வேலையை எல்லாருக்கும் பழக்கலாம். அட்டை இல்லாத புத்தகத்திலும் உதவும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தைப்பூச விடுமுறைக்குப் பிறகு பாதி மறந்திருக்கும் என்று எதிர்பார்த்ததே. ம், ன், ல் சொற்கள் பத்தை ஒரு பாடவேளை திருப்பினோம். புதிதாக எதுவும் இல்லை.

பிப்ரவரி 4, புதன்

கொம்பு.

கெ, கே, கை, கொ, கோ. ஒலியில் க முதலில், கண்ணுக்குக் கொம்பு முதலில். இடமிருந்து வலமாக விரல் வைத்து வாசி என்று நாமேதான் சொல்லிக் கொடுத்தோம்; கொம்பு வந்ததும் அந்த விரல் பிள்ளையை ஏமாற்றுகிறது. ‘கொடி’யைக் ‘கெ, ஆ, டி’ என்று வாசிப்பது கவனக்குறைவு இல்லை, சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்ததன் விளைவு.

க கறுப்பிலும் கொம்பும் காலும் சிவப்பிலும் எழுதிய அட்டைகளைப் பல வகுப்பறைச் சுவர்களில் பார்க்கலாம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ‘கொ’ மூன்று தனிப் பொருளாகத் தெரிகிறது. ஒரே நிறத்தில் எழுதி, சுற்றி ஒரு பெட்டி போடுவதே நல்லது. பெட்டிக்குள் இருப்பது ஒரே எழுத்து.

இதற்கு இன்னொரு கருவி, சன்னல் அட்டை. நீள அட்டை ஒன்றில் எழுத்தின் உயரத்துக்குச் சன்னல் வெட்டி, வலப்பக்கத்தில் நகரும் மூடி ஒன்று. முதலில் மூடி காலை மறைத்திருக்கும்: ‘கெ’. மூடியை இழுத்தால் கால் வெளியே வரும்: ‘கொ’. ஐந்தாறு முறை திறந்து மூடினால், கால் இருக்கிறதா என்று பார்க்காமல் வாய் திறக்கக்கூடாது என்பது கண்ணுக்குப் பழகும். குறில் நெடிலுக்கு ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வேறுபாட்டைச் சொல்லிலேயே காட்டுவது நல்லது: கெடு–கேடு, கொடு–கோடு, தொடு–தோடு, கொடி–கோடி. பொருள் மாறுவதைப் பார்த்தால்தான் அந்தச் சின்னச் சுழிக்கு மதிப்பு வரும்.

ஔகாரம் இப்போது அவசரமில்லை. ‘வௌவால்’ ஒரு படத்தோடு போதும். ‘வௌ’வின் கடைசியில் நிற்கும் துண்டு ‘ள’ போலவே இருப்பதால் ‘வெளவால்’ என்று வாசிப்பார்கள். சொல்லாகவே மனத்தில் பதிய வைத்துவிடலாம்.

பிப்ரவரி 6, வெள்ளி

சொல்வதெழுதுதலில் ‘இலை’க்கு ‘எலை’, ‘குடை’க்குக் ‘கொடை’, ‘குரங்கு’க்குக் ‘கொரங்கு’. மூன்றும் ஒரே காரணம். அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சுத் தமிழில் முதல் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் தளர்கிறது: எடம், ஒலகம், பொகை. பிள்ளை வீட்டில் கேட்டதைத் துல்லியமாக எழுதியிருக்கிறது. காது நன்றாக இருக்கிறது என்றுதான் இதைப் பார்த்ததும் மகிழ வேண்டும். சிவப்பு மையால் அடிப்பதற்குப் பதில் ‘வாய்ச் சொல்’, ‘புத்தகச் சொல்’ என்று இரண்டு பத்தி போட்டு எல, இலை. கொட, குடை என்று எதிரெதிரே எழுத வைக்கிறோம். ‘கொடை’யில் ஒரு கூடுதல் ஆபத்து: அது வேறு பொருளில் சரியான சொல்லும்கூட என்பதால் திருத்தும்போது நம் கண்ணுக்கே தப்பிவிடும்.

வாசிப்பிலும் இதுதான். ‘மரத்தில் குரங்கு இருக்கிறது’ என்பதை ‘மரத்துல கொரங்கு இருக்கு’ என்று வாசிக்கும் பிள்ளைக்குப் பொருள் புரிந்திருக்கிறது. அதைப் பாராட்டிவிட்டு, “இப்ப எழுத்து என்ன சொல்லுதோ அதைச் சொல்” என்று விரல் வைத்து இரண்டாம் முறை வாசிக்க வைக்க வேண்டும். ஆனால் ஒன்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும்: பக்கத்தில் குரங்குப் படம் இருந்தால் அதை மூடிவிட்டுக் கேட்க வேண்டும். படத்தைப் பார்த்துச் சொன்னதும் எழுத்தைப் பார்த்துச் சொன்னதும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஆத்திசூடிக்கும் அதே எச்சரிக்கை. ‘அறம் செய விரும்பு’ மனப்பாடம். கடைசிச் சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

பிப்ரவரி 9, திங்கள்

ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் ‘வலி, வளி, வழி’ என்று நடத்தக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். உறுதியாகத் தெரியாத மூன்றை அருகருகே வைத்தால் மூன்றும் கலந்துவிடும். ‘ல’ சொற்கள் ஓட்டமாக வந்த பிறகு ‘ள’. இரண்டு வாரம் கழித்து ‘ழ’. நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொட்டால் ல, பின்னே வளைந்து அண்ணத்தைத் தொட்டால் ள, வளைந்தும் தொடாமல் நின்றால் ழ. சிறிய கண்ணாடி ஒன்று மேசையில் இருந்தால் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

பிப்ரவரி 11, புதன்

வீட்டுக்கு அனுப்பும் அட்டை. அப்பா அம்மா செம்பனை (எண்ணெய்ப்பனை) வேலைக்குப் போய்த் திரும்பக் களைத்துவிடுவதால் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் பாட்டி, இல்லாவிட்டால் அக்கா. 6 சொல், 5 நிமிடம், அதற்கு மேல் கேட்கக்கூடாது. அட்டையின் பின்புறம் பெரிய எழுத்தில் இரண்டே குறிப்பு: ‘புள்ளி எழுத்தை முன் எழுத்தோடு சேர்த்துச் சொல்லவும்’, ‘பிள்ளை நின்றால் 5 எண்ணிவிட்டுப் பிறகு சொல்லிக் கொடுக்கவும்’.

பாட்டிமார் ஆனா, ஆவன்னா, கானா என்று எழுத்துப் பெயர் சொல்லிப் படித்தவர்கள். அந்தப் பெயர்கள் அழகானவை, அவற்றை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. பெயர் வேறு, வாசிக்கும் ஒலி வேறு என்று பிள்ளைக்கு விளக்கினால் போதும். இன்னொன்று: ணை, லை, ளை, னை ஆகியவற்றைப் பழைய தும்பிக்கை வடிவில் எழுதிக் காட்டும் பாட்டிகளும் உண்டு. 1978இல் தமிழ்நாடு அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய 13 எழுத்துகளில் இந்த நான்கும் அடக்கம். பிள்ளை குழம்பி வந்தால் ‘பாட்டி எழுதுவதும் லை தான்’ என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். பாட்டி தவறு என்று சொல்லக்கூடாது.

பிப்ரவரி 13, வெள்ளி

வாசிப்பில் ஓட்டம் வர, 25 சொல் கொண்ட ஒரே பகுதியை மூன்று முறை வாசிப்பது. முதல் முறை நாம் வாசிக்கப் பிள்ளை விரல் வைத்துத் தொடரும், இரண்டாவது சேர்ந்து, மூன்றாவது தனியாக. 10 சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால் பகுதி கடினம் என்று பொருள். பிள்ளையை விரட்டாமல் பகுதியை மாற்ற வேண்டும்.

இன்று அட்டையில் இதுவரை காட்டாத ஒரு சொல்லை வைத்தோம்: கித்தா (ரப்பர்). உள்ளங்கை பின்பாதியை மூடியது. ‘கித்’. நாக்கு பல்லில் ஒட்டி நின்றது. கை விலகியது. ‘தா’. பிறகு இரண்டும் சேர்ந்து, கொஞ்சம் உரக்கவே, “கித்தா! தாத்தா வெட்டின மரம்!”

அடுத்தது மெல்லினமும் வல்லினமும் சேர்ந்த சொற்கள்: சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று. பாதி அட்டைகள் ங், ஞ், ண், ந், ம், ன் தலா நான்கு வெட்ட வேண்டும். ‘சங்கு’வில் வரும் கு மெலிந்து ஒலிக்கும் என்பதை முதலில் காதால் கேட்க வைத்துவிட்டுப் பிறகுதான் அட்டை.