டெக்சாஸில் பழைய பாஸ் போட் வாங்கியது

டாலஸுக்கு வடக்கே குடியிருக்கும் தமிழர்களில் வார இறுதியில் கிரிக்கெட் ஆடுபவர்கள் ஏராளம். பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டிக்குப் போகிறவர்கள் அரிது. நான் அந்த அரிதான ரகம். உள்ளூர் கிளப் போட்டிகளில் சில ஆண்டுகளாகக் கோ-ஆங்லராகப் போய்க்கொண்டிருந்தேன். படகு வேறொருவருடையது, முன்தளத்தில் நின்று படகை நகர்த்துபவர் அவர், ஒவ்வொரு இடத்திலும் முதல் வீச்சும் அவருக்குத்தான். பின்தளத்தில் நின்றுகொண்டு மிச்சமிருக்கும் தண்ணீரில் வீசுவது நம் பங்கு. தொழில் கற்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் ஏரியின் எந்த வளைவுக்குப் போவது, எப்போது இடம் மாறுவது என்ற எதுவும் நம் கையில் இருக்காது. சொந்தப் படகு ஆசை அங்கேதான் பிடித்துக்கொண்டது.

பாஸ் போட் பார்க்காதவர்களுக்கு: பொதுவாக 17 முதல் 21 அடி நீளம், தாழ்வான உடல், நின்று வீசுவதற்கு முன்னும் பின்னும் தட்டைத் தளம். பின்னால் பெரிய அவுட்போர்டு மோட்டார், முனையில் ஓசையில்லாமல் நகர்த்தும் மின்சார ட்ரோலிங் மோட்டார். தளத்துக்குள் லைவ்வெல் என்ற தொட்டி. போட்டி முடிவில் மீன்களை எடைபோடும் எடைமேடைக்குப் போகும்வரை, பிடித்த மீன் உயிரோடு இருக்க வேண்டிய இடம் அது. 1967இல் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் நடத்திய போட்டியிலிருந்துதான் இந்த விளையாட்டு இன்றைய வடிவத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதே மாநிலத்தின் ஃபிளிப்பின் என்ற சிற்றூரில் ஃபாரஸ்ட் வுட் ரேஞ்சர் படகுகளைக் கட்டத் தொடங்கினார். இன்று உயர்ரகப் படகு ஒன்றை, நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் திரைகள் எல்லாம் பொருத்திப் புதிதாக வாங்கினால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடும். என் பட்ஜெட் அதில் கால்பங்கு. அதனால் பழையதுதான்.

தேட ஆரம்பிக்கும் முன் வீட்டிலேயே இரண்டு தடைகள். முதலாவது கார். என் ஹைலேண்டர் அதிகபட்சம் 5,000 பவுண்டு இழுக்கும். 20, 21 அடிப் படகு ட்ரெய்லர், பெட்ரோல், பேட்டரி, சாமான்களோடு சேர்ந்தால் அந்த எல்லையை உரசும். இரண்டாவது, எங்கள் குடியிருப்போர் சங்கம். வீட்டு முகப்பில் படகை நிறுத்தினால் மறுநாளே கடிதம் வரும். கராஜுக்குள் நுழைய வேண்டுமானால் ட்ரெய்லரின் முன்கை மடங்க வேண்டும், படகு 19 அடிக்குள் இருக்க வேண்டும். டேப் எடுத்து கராஜை மூலைக்கு மூலை அளந்தேன். ஆக 18 முதல் 19 அடி, ஃபைபர்கிளாஸ் உடல் என்று முடிவானது. அலுமினியப் படகு விலை குறைவு, இழுக்கச் சுலபம். ஆனால் ரே ராபர்ட்ஸ் ஏரியில் தெற்குக் காற்று எழும்பும் மதியங்களில் பிறர் அலுமினியப் படகில் போய்த் திரும்பியிருக்கிறேன். முதுகுக்கு நினைவிருக்கிறது.

விளம்பரங்களில் எல்லாரும் முதலில் காட்டுவது திரைகளை. 2018இல் கார்மின் லைவ்ஸ்கோப் வந்த பிறகு நீருக்கடியில் மீன் நகர்வதை நேரடியாகப் பார்க்கலாம் என்றாகிவிட்டது; விற்பவர்களும் படகின் விலையை அந்தத் திரையை வைத்தே ஏற்றுகிறார்கள். என் கணக்கு வேறு. திரை கழற்றி மாட்டும் சாமான். பின்பக்கத்து மூன்றடிதான் படகு: ட்ரான்சம் (மோட்டார் மாட்டும் பின்சுவர்), மோட்டார், பம்புகள், பேட்டரி. போட்டிநாளில் விடியலில் கிளம்பி மதியம் மூன்று மணிக்கு எடைமேடைக்குத் திரும்புவது வரை உழைப்பது அந்த மூன்றடி. ஆகவே யார் வீட்டுக்குப் போனாலும் நேராகப் பின்பக்கம் போய்க் குனிந்தேன்.

முதலில் பார்த்தது ஒரு பழைய 20 அடிப் படகு. அளவு அதிகம்தான், விலை இழுத்தது. சிவப்பு மெட்டல்ஃப்ளேக் பெயின்ட் வெயிலில் ஜொலித்தது. மோட்டாரைப் பாதி உயர்த்தி, அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். மோட்டாரோடு சேர்ந்து ட்ரான்சமும் அசைந்தது. மூலையில் முடிபோல ஒரு விரிசல் திறந்து மூடியது. பழைய படகுகளில் ஃபைபர்கிளாஸுக்குள் ஒட்டுப்பலகை வைத்துக் கட்டுவது வழக்கம். யாராவது சென்ஸார் மாட்ட ஒரு திருகைப் போட்டுச் சரியாக அடைக்காமல் விட்டால், அந்தத் துளை வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கிப் பலகை உளுத்துவிடும். ரப்பர் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று சொல்லும், உளுத்த இடம் மொத்தென்று சொல்லும். இங்கே மொத்து. ட்ரான்சம் மாற்றும் செலவுக்கு இன்னொரு சிறு படகே வாங்கிவிடலாம். விற்றவர் நல்ல மனிதர், ஐஸ் டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்று விளம்பரத்தில் 2014 மாடல். அமெரிக்காவில் 1972க்குப் பின் கட்டிய ஒவ்வொரு படகுக்கும் 12 எழுத்து-எண் கொண்ட அடையாளம் உண்டு. ட்ரான்சமின் வலதுபக்க மேல்மூலையில் பதித்திருப்பார்கள். கடைசி இரண்டு இலக்கம்தான் மாடல் ஆண்டு. இந்தப் படகில் 12 என்று முடிந்தது. கேட்டால் தட்டச்சுப் பிழையாம். பரவாயில்லை என்று மோட்டாரை ஓடவிட்டு, கில் ஸ்விட்சின் கயிற்றை இழுத்தேன். மோட்டார் நிற்கவே இல்லை. ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை அணைப்பதற்காக உள்ள கயிறு அது. 2021 ஏப்ரலிலிருந்து இத்தகைய படகுகளில் வேகமாகப் போகும்போது அதை மாட்டிக்கொள்வது நாடு முழுக்கச் சட்டம். யாரோ ஒயரைத் துண்டித்துக் குறுக்கே இணைத்திருந்தார்கள். அங்கே அப்படிச் செய்தவர் வேறு எங்கெல்லாம் கைவைத்திருப்பாரோ!

கடைசியில் வாங்கியது டைலர் ஊருக்கு அருகே ஓய்வுபெற்ற ஒருவரிடம். 2012 ரேஞ்சர், 18 அடிக்குக் கொஞ்சம் மேல், பின்னால் யமஹா 200 எஸ்ஹெச்ஓ மோட்டார். ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு வெளிறியிருந்தது, கம்பளம் ஒரு மூலையில் கிழிந்திருந்தது, திரைகள் எல்லாம் பழங்காலத்தவை. அதனாலேயே பல வாரம் விற்காமல் கிடந்திருக்கிறது. ஆனால் ஒரு கோப்பில் பத்து வருட ரசீதுகளை வைத்திருந்தார். மோட்டாருக்குக் குளிர்நீர் ஏற்றும் இம்பெல்லரை எப்போது மாற்றினார், கியர் ஆயில் எந்த மாதம், எல்லாம் அவர் கையெழுத்தில்.

தொலைபேசியிலேயே, நான் வரும்வரை மோட்டாரை ஓடவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போனதும் மூடியில் கைவைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. சூடேறிய மோட்டார் எதுவும் முதல் திருகலில் கிளம்பும், அது பெரிய விஷயமில்லை. அப்புறம் லோயர் யூனிட்டின், அதாவது மோட்டாரின் அடியில் உள்ள கியர் பெட்டியின், அடித்திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஆயிலைப் பார்த்தோம். பால்போல வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இது தெளிவாக இருந்தது. திருகின் காந்த நுனியில் மெல்லிய பசைபோலத் துகள், அது சகஜம். செதில் செதிலாக உலோகம் ஒட்டியிருந்தால் கிளம்பிவிட வேண்டியதுதான்.

இதற்குமேல் என் கண்ணை நான் நம்பவில்லை. அந்தப் பக்கத்து யமஹா மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்துப் பரிசோதிக்கச் சொன்னேன். ஆறு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி, அப்படியே இருந்தது. அதைவிடப் பயன்பட்டது மோட்டாரின் கணினியிலிருந்து அவர் எடுத்துத் தந்த ஓட்டக் கணக்கு. மொத்த மணிநேரம் மட்டுமல்ல, எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு நேரம் என்றும் பிரித்துக் காட்டும். நிறையக் குறைவேகம், அளவாக முழுவேகம். ‘ஓய்வு நேரத்தில் கிராப்பி மீன் பிடித்த தாத்தா’ என்று விற்பவர் தன்னைப் பற்றிச் சொன்னதற்கும் அந்தத் தாளுக்கும் பொருந்தியது.

பிறகு ஏரி. விற்பவர் முதலில் ஓட்டினார், பாதியில் எழுந்து, “நீங்களே பிடியுங்கள், உங்கள் படகுதானே ஆகப்போகிறது” என்றார். முழுவேகத்தில் ஆர்பிஎம் 5,000க்கும் 6,000க்கும் நடுவே நிற்கிறதா, குளிர்விக்கும் நீர் தாரை அறுபடாமல் பீய்ச்சுகிறதா, ஸ்டீயரிங்கில் ஆட்டம் உண்டா என்று பார்த்தேன். கயிற்றை இழுத்ததும் மோட்டார் நின்றது. அதன்பிறகு மீன்பிடிக்கும் தோரணையில் ஒரு மணிநேரம் சும்மா மிதந்தோம். லைவ்வெல் இரண்டையும் நிரப்பி, டைமரில் போட்டு, தண்ணீர் மட்டம் இறங்குகிறதா என்று கவனித்தேன். பழைய படகு பார்க்கப் போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். பம்ப் உறுமும் சத்தம் கேட்டதும் திருப்தியாகிவிடுகிறார்கள். ஜூலையில் இந்த ஏரிகளின் மேல்நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். தொட்டிநீரையே சுற்றவிடும் பம்ப் தூங்கிவிட்டால் மதியத்துக்குள் மீன் மல்லாந்துவிடும், செத்த மீனுக்கு எடையில் தண்டம் உண்டு. இடது தொட்டியில் அந்தப் பம்ப் ஓடவில்லை. சின்னச் செலவு, பேரத்தில் எனக்குப் பெரிய உதவி.

ட்ரெய்லரைப் பற்றி நீட்ட வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ரப்பர் புதுசுபோல இருந்தது, வயதோ ஒன்பதைத் தொட்டிருந்தது. அதையும் பேரத்தில் சேர்த்தேன். அவர் 26,500 கேட்டிருந்தார், 24,000க்கு முடிந்தது.

காகித வேலைதான் டெக்சாஸில் கொஞ்சம் விசித்திரம். படகுக்கு ஒரு டைட்டில் (உரிமைப் பத்திரம்), அவுட்போர்டு மோட்டாருக்குத் தனியாக இன்னொரு டைட்டில். இரண்டும் மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறையிடம். ட்ரெய்லர் மட்டும் கவுண்டி வரி அலுவலகத்தில், காருக்குப் போல. அதனால் விற்பனைப் பத்திரத்தில் மூன்றுக்கும் தனித்தனியே விலை எழுதச் சொல்லுங்கள், 6.25 சதவீத வரியை இரண்டு அலுவலகங்களில் பிரித்துக் கட்ட வேண்டும். மோட்டாரின் தொடர் எண்ணை டைட்டிலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். இடையில் நான் பார்த்த ஒரு படகில் மோட்டார் மாற்றியிருந்தார்கள், அதன் டைட்டில் அதற்கும் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தது. படகு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஊர் மாறிப்போன ஒருவரின் கையெழுத்தைத் தேடி அலைய எனக்குப் பொறுமை இல்லை. கடன் பாக்கி உண்டா என்று துறையின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பணத்தை என் கிரெடிட் யூனியனில் காஷியர்ஸ் செக்காக எடுத்து, அவர் வங்கியிலேயே வைத்துக் கொடுத்தேன். இருவருக்கும் நிம்மதி.

காப்பீட்டில் ஒரு விஷயம் கேட்டே ஆக வேண்டும்: போட்டிநாளில் செல்லுமா? எங்கள் கிளப் 3 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீட்டின் நகலைக் கேட்கிறது. முதலில் பேசிய ஏஜென்ட் விலை மலிவாகச் சொன்னார், ஆனால் பாலிசியின் சிறு எழுத்தில் போட்டிகள் விலக்கு என்றிருந்தது. மீன்பிடிப் படகுகளுக்கென்றே பாலிசி தருபவர்களிடம் போனால் கொஞ்சம் கூடுதல், கூடவே படகுக்கு ஒப்புக்கொண்ட மதிப்பு, நடு ஏரியில் நின்றால் இழுத்துவர ஆள்.

வாங்கிய பின் செய்தவை: புது டயர்கள், வீல் பேரிங், இம்பெல்லர், தொட்டிப் பம்ப், ட்ரோலிங் மோட்டாருக்கு லித்தியம் பேட்டரி. பேட்டரிதான் அதிகம் வாங்கியது, பழைய ஈயப் பேட்டரிகளை எடுத்ததில் எடையும் நன்றாகக் குறைந்தது. திரை மாற்றவில்லை. பழைய ஹம்மின்பேர்டு திரையில் மேடும் பள்ளமும் தெளிவாகத் தெரிகிறது, இப்போதைக்கு எனக்கு அது போதும்.

முதல் போட்டியை ஃபோர்க் ஏரியில் வைத்துக்கொண்டேன். 1992இல் பிடிபட்ட 18.18 பவுண்டு மாநிலச் சாதனை மீன் அந்த ஏரியுடையது. தண்ணீருக்குள் பட்ட மரங்கள் காடாக நிற்கும் இடம், புதுப்படகுக்காரர்கள் பயந்து பயந்து போவார்கள். வெளிறிய ஜெல்கோட்டுக்கு அந்தப் பயம் இல்லை. அங்கே 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள மீன்களைத் திருப்பி விட்டுவிட வேண்டும். அதற்குக் கீழோ மேலோ இருந்தால்தான் கூடைக்கு. நாள் முழுக்கக் கிடைத்ததில் பெரும்பாலானவை 17, 18, 19 அங்குலம். எடைமேடைக்கு மூன்று சிறு மீன்கள் கொண்டுபோனேன், மூன்றும் துள்ளிக்கொண்டிருந்தன. பட்டியலில் நடுவுக்கும் கீழே வந்தேன். கரையேறியதும் படகின் அடித்துளை அடைப்பானைக் கழற்றி, தொட்டி, அடித்தளம் எல்லாவற்றையும் வடித்தேன்; ஜீப்ரா மட்டி ஏரிக்கு ஏரி பரவாமல் இருக்க இங்கே அதுவும் சட்டம். அடைப்பானைக் கார் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன், அடுத்த முறை மாட்டாமல் தண்ணீரில் இறக்கிவிடக் கூடாது என்பதற்காக. அடுத்தது ரே ராபர்ட்ஸ், அக்டோபரில். அதற்குள் அந்தக் கிழிந்த கம்பளத்தை ஒட்ட வேண்டும், தூண்டில் முள் எல்லாம் அதிலேயே போய் மாட்டிக்கொள்கிறது.