கோட்டைத் தாண்டாத செல்கள்

பி.பி., சுகர் பார்க்கத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். "முப்பது தாண்டிட்டீங்கல்லக்கா, கர்ப்பப்பை வாயும் பார்த்துடலாம்" என்றார் நர்ஸ். எனக்கு வெள்ளைப்படுதல், வலி எதுவும் இல்லையே என்று தயங்கினேன். "ஒண்ணும் இல்லாதப்போதான்க்கா பார்க்கணும்" என்று உள்ளே கூட்டிப் போய்விட்டார்.

நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு ஒற்றிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தார். அறை முழுக்க வினிகர் வாடை. பின்னால் புற்றாகக்கூடிய, மாறிப்போன செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியுமாம். எனக்குத் தெரிந்தது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வழியாகப் பார்த்து, மிளகளவு சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. 'சி.ஐ.என். 3' என்று வந்தது; அதாவது, செல்கள் மிகவும் மாறியிருக்கின்றன, ஆனால் இன்னும் புற்றாகவில்லை.

டாக்டரம்மா ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டு, அதன்மேல் செல்களைக் காட்ட வரிசையாக வட்டங்கள் வரைந்தார். "இந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போனாதான்மா கேன்சர். உங்களுக்கு மேலேயே நிக்குது" என்றார். எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலருக்குத் தங்கிவிடும், முக்கியமாக 16, 18 ஆகிய வகைகள். செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பி53, ஆர்பி என்ற இரண்டு புரதங்களை அந்த வைரஸ் முடக்கிவிடுகிறது. பிறகு செல் பெருகப் பெருக, மரபணுவில் தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். இத்தனை காலம் அவகாசம் இருந்தும் எத்தனை பேர் முற்றிய பிறகு வருகிறார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

"யார் செய்த பாவமோ" என்று வீட்டில் ஒருவர் முணுமுணுத்தார். அந்தச் சீட்டைக் காட்டித்தான் பதில் சொன்னேன்.

சிகிச்சைக்குப் பெயர் லீப். மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அன்று மாலையே வீடு திரும்பிவிட்டேன். இரண்டு வாரம் லேசான கசிவு இருந்தது. கனம் தூக்கவில்லை, அவ்வளவுதான். வெட்டிய சதையின் ஓரங்களில் மாறிய செல்கள் இல்லை என்று அறிக்கை வந்தது.

ஆறு மாதம் கழித்து எடுத்த எச்.பி.வி. பரிசோதனை நெகட்டிவ். ஆனாலும் பல வருடங்களுக்குத் தொடர்ந்து வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்குப் பதினொரு வயது. எச்.பி.வி. தடுப்பூசிக்கு இதுதான் சரியான வயது என்பதால் முதல் ஊசி போட்டாயிற்று. அப்புறம், நாத்தனாரை அதே நர்ஸிடம் கூட்டிப் போகிறேன். அவளுக்கும் இப்போது ஒரு தொந்தரவும் இல்லை.