கோச் ஆகிவிட்ட நாயகர்கள்

விளையாட்டுப் பக்கத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பது சுலபமான வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு மேட்ச் முடிந்தால் ஏஜென்சியிலிருந்து படங்கள் வந்து கொட்டும், அதில் நல்லதாக ஒன்றை எடுத்துப் போட வேண்டியதுதானே! தோற்ற அணியின் கோச் வெளியாளாக இருந்தால் உண்மையிலேயே அப்படித்தான். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் படம் கட்டாயம் ஒன்று இருக்கும். பெரிதாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். அதே கோச் ஒரு காலத்தில் அந்த அணியின் செல்லப்பிள்ளையாக இருந்தவர் என்றால், மறுநாள் காலை டெலிபோன் ஓயாது.

2023 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்ற மறுநாள் அப்படித்தான் நடந்தது. குரலை வைத்துப் பார்த்தால் பெரியவர். "தோத்தது தோத்ததுதான் தம்பி. அதுக்காக டிராவிட் மூஞ்சியை இப்படியா போடுவீங்க?" என்றார். ரோஹித் சர்மா கண் கலங்கி நின்ற படம் அதைவிடப் பெரிதாக அதே பக்கத்தில் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேப்டன் அடுத்த தொடரில் ரன் அடித்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்வார், கோச்சால் பேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியுமா என்பது அவருடைய வாதம். நாள் முழுக்க நின்று ஆடி மேட்சைக் காப்பாற்றிய ஒருவரைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, கண்ணெதிரே அணி சரிவதை அவரையே பார்க்க வைக்கிறோம் என்ற ஆற்றாமை அது. தோல்விக்கு டிராவிடும் பொறுப்புதானே என்று கேட்கலாமா என்று நினைத்தேன். பெரியவர் அதற்குள் போனை வைத்துவிட்டார்.

இந்த ஆற்றாமையை நிர்வாகங்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கின்றன என்பது இத்தனை வருட டெஸ்க் வேலையில் எனக்கு வந்திருக்கும் முடிவு. 2019-ல் இங்கிலாந்து கால்பந்து கிளப்பான செல்சீ எந்த நிலைமையில் தன் பழைய நாயகன் ஃபிராங்க் லாம்பார்டைக் கூப்பிட்டது? புதிய வீரர்களை வாங்க ஃபிஃபாவின் தடை இருந்தது, அணியின் நட்சத்திரம் ஹசார்ட் ரியல் மாட்ரிட்டுக்குப் போயாகிவிட்டது. அந்தச் சமயத்தில் வேறு யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் நாலு தோல்விக்குள் ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். 211 கோல் அடித்து கிளப்பின் சாதனையை வைத்திருப்பவர் மேல் யார் வாயைத் திறப்பார்கள்? தடை போய், கோடிகளைக் கொட்டி ஆட்களை வாங்கியதும் பொறுமைக்கான தேவையும் போய்விட்டது. 2021 ஜனவரியில் அனுப்பினார்கள். அவர் இடத்துக்கு வந்த டூகல் அந்த மே மாதமே ஐரோப்பியக் கிளப்புகளின் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை ஜெயித்தார். கோப்பையைக் கொண்டாடிக்கொண்டே லாம்பார்டுக்காக வருத்தப்பட்ட செல்சீ ரசிகர்களைப் பார்த்திருக்கிறேன். நிர்வாகத்துக்கு அப்படி எந்த வருத்தமும் இருந்த மாதிரித் தெரியவில்லை. 2009-ல் நியூகாஸில் இன்னும் மோசம். எட்டே மேட்ச் பாக்கி இருக்கும்போது அந்தக் கிளப்பின் பழைய கோல் நாயகன் ஆலன் ஷியரரைக் கோச்சாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒன்றில்தான் ஜெயிக்க முடிந்தது, அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. ரசிகர்களின் கோபம் முழுக்க முதலாளி பக்கம் போனது. நியாயமான கோபம் என்றே சொல்வேன்.

எங்கள் டெஸ்க்கில் ஒரு மான்செஸ்டர் யுனைடெட் பைத்தியம் உண்டு. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் பயர்ன் மியூனிக்குக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் சோல்ஷேர் கால் நீட்டி அடித்த கோல்தான் அவனுக்குக் குலதெய்வம். அதே சோல்ஷேர் கோச்சாக இருந்த 2021 அக்டோபரில், யுனைடெட்டின் சொந்த மைதானத்திலேயே லிவர்பூல் 5-0 என்று உரித்தெடுத்ததிலிருந்து "அவர் போகணும்டா, போனாத்தான் டீம் உருப்படும்" என்று தினமும் புலம்பினான். அடுத்த மாதம் வாட்ஃபோர்டிடம் 4-1 தோல்வி, சோல்ஷேர் நீக்கம். போகும்போது கிளப்பின் சேனலுக்கே கண் கலங்கியபடி ஒரு பேட்டி கொடுத்தார். நம்ம ஆள் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டான். அன்றைக்கு அந்தச் செய்தியை நான்தான் எழுத வேண்டியிருந்தது.

கம்பீர் விஷயம் வேறு மாதிரி. 2007 டி20 இறுதிப்போட்டியில் 75, 2011 இறுதிப்போட்டியில் 97. சட்டையெல்லாம் மண்ணோடு, யாரோடும் முறைத்துக்கொண்டு நிற்கிற அந்த முரட்டுத்தனம்தான் ஆட்டக்காரராக அவரிடம் நமக்குப் பிடித்தது. 2024-ல் அவர் கோச்சாகி, நியூஸிலாந்திடம் சொந்த மண்ணில் டெஸ்ட் தொடரை 3-0 என்று இழந்தபோது, அதே முறைப்பை பிரஸ் மீட்டில் பார்த்தவர்களுக்கு எரிச்சல் வந்தது. எனக்கும்தான். மனிதர் மாறவில்லை. முன்பு அந்த முறைப்பு எதிரணிப் பந்துவீச்சாளரை நோக்கி இருந்தது, இப்போது கேள்வி கேட்கிற நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. அடுத்த மார்ச்சில் சாம்பியன்ஸ் டிராபி வந்ததும் பழைய 97-ஐ மறுபடி எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

டிராவிடின் கதை 2024 ஜூன் 29 இரவு வேறு மாதிரி முடிந்தது. பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் ஜெயித்தாயிற்று, எங்களுக்குப் பக்கம் முடிக்கிற நேரம் நெருங்கிவிட்டது. முதல் பக்கத்துக்கு ரோஹித் கோப்பையோடு இருக்கும் படம், அதில் பேச்சே இல்லை. உள்ளே எதைப் போடுவது என்று தேடிக்கொண்டிருந்தபோது கோப்பையைத் தூக்கிப் பிடித்து டிராவிட் கத்துகிற படம் வந்து விழுந்தது. வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. அது டிராவிட்தானா என்று ஒரு பயிற்சி நிருபர் சந்தேகப்பட்டார்! 2007-ல் இதே மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த ஒருநாள் உலகக் கோப்பையில் அவருடைய தலைமையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறியது நினைவிருப்பவர்கள் அந்தப் படத்தை வேறு கண்ணால்தான் பார்த்திருப்பார்கள். ஒரு கட்டுரையைத் தூக்கிவிட்டு அரைப் பக்கம் கொடுத்தோம். யாரும் போன் செய்யவில்லை, நல்லதுக்கு யார் செய்கிறார்கள்.

இப்போது டெஸ்க்கில் நடக்கும் வழக்கு லிவர்பூலின் பழைய கேப்டன் ஜெரார்டைப் பற்றியது. எங்கள் லிவர்பூல் ரசிகருக்கு அவர் ஒருநாளும் அங்கே மேனேஜராக வரக்கூடாது. 2005-ல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் 3-0 என்று பின்தங்கியிருந்தபோது முதல் கோலை அடித்து அணியை எழுப்பியவர், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்பார். நான் அதே கிளப்பின் இன்னொரு பழைய நாயகன் டால்கிளிஷைக் காட்டினேன். 2011-ல் இரண்டாம் முறை மேனேஜராக வந்தார், 2012 மே மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆனாலும் 2017-ல் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயரைத்தானே வைத்தார்கள், என்ன குறைந்துவிட்டது என்று கேட்டேன்.

"பேர் வெச்சது கிளப்பு சார். அந்த சீசன்ல ஒவ்வொரு மேட்சும் அவரைத் திட்டிடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டுப் பார்த்தது நான்" என்றார்.