ரிக் வண்டி வருவதற்கு முன்: தெரியாதவற்றின் நாட்குறிப்பு

ஏப்ரல் 6, 2025
தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் போர் (ஆழ்துளைக் கிணறு) போட நினைப்பவர் முதலில் கேட்பது, "எத்தனை அடியில தண்ணி வரும்?" என்றுதான். இதற்கு அடித்துப் பதில் சொல்பவரிடம்தான் அதிகப் பணம் தொலைகிறது. இங்கே காலடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் மாதிரியான கெட்டிப் பாறை. மேலாக மக்கிய பாறையிலும், அதற்குக் கீழே எங்கோ ஓடும் வெடிப்பிலும்தான் தண்ணீர் நிற்கும். ரிக் (துளை போடும் வண்டி) ஆட்கள் அந்த வெடிப்பை 'கேப்' என்பார்கள். பக்கத்துக் காட்டில் 300 அடியில் கிடைத்த கேப், வரப்புக்கு இந்தப் பக்கம் இல்லாமலே போகலாம்.

ஏப்ரல் 9
பணம் செலவில்லாமல் தெரிந்துகொள்ளக் கூடியது அக்கம்பக்கத்துப் போர்களின் கதை. கேசிங் (மேல்மண் சரியாமல் இறக்கும் குழாய்) எத்தனை அடி இறங்கியது, முதல் ஈரம் எந்த அடியில், போன மே மாதம் எவ்வளவு நேரம் மோட்டார் ஓடியது என்று கேளுங்கள். காய்ந்துபோன போர்களைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். அவற்றை யாரும் தானாகச் சொல்வதில்லை, மூடி மறந்துவிடுவார்கள். தண்ணீர் வந்த போர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் ஊரே ஊற்றாகத் தெரியும்.

ஏப்ரல் 13
பாயிண்ட் பார்ப்பது, அதாவது துளை போடும் இடத்தைக் குறிப்பது பற்றி. மின்தடை அளவீட்டில் நிலத்தில் நான்கு கம்பி நடுவார்கள். வெளிக் கம்பிகள் இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் கம்பிகள் இரண்டில் மின்னழுத்தம் அளப்பார்கள். மக்கிய பாறை எவ்வளவு தடிமன் என்பதை இது ஓரளவு நன்றாகவே காட்டும். ஆனால் 600 அடியில் இருக்கும் மெல்லிய வெடிப்பைக் காட்டாது, சுற்றியுள்ள பாறையோடு சேர்ந்து சராசரியில் கரைந்துவிடும். ஈரக் களிமண்ணும் தண்ணீரைப் போலவே குறைந்த மின்தடை காட்டும். அதனால் கருவி வைத்திருப்பவரிடமும், தேங்காயோ வேப்பங்குச்சியோ பிடிப்பவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "நீங்க குறிச்ச இடத்துல எத்தனை போர் காஞ்சு போச்சு?" இதற்கு நேராகப் பதில் சொல்கிறவரை அழைக்கலாம்.

ஏப்ரல் 20
இந்த நாட்குறிப்பில் முக்கியமான பக்கம் இதுதான். நிறுத்தும் ஆழத்தை முதல் நாளே தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். ரிக் ஓடும்போது புகை, சத்தம், வெள்ளையாகப் பறக்கும் பாறை மாவு, சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள். அந்த நேரத்தில், "இன்னும் ரெண்டு ராடு இறக்கிப் பாக்கலாம்ணா" என்ற குரல் வரும். ராடு என்பது துளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் இரும்புக் குழாய்; ஒரு ராடு பொதுவாக 20 அடி. ஆழம் போகப் போக அடிக்கூலியும் கூடும். ஏற்கெனவே கொட்டிய பணத்தைக் காப்பாற்றவே மேலும் கொட்டுவோம். அடுத்த 40 அடியில் என்ன இருக்கிறது என்பது முதல் அடி போடும்போது எவ்வளவு தெரியாதோ, இப்போதும் கிட்டத்தட்ட அவ்வளவே தெரியாது. மாவு ஈரமாகிறது, நிறம் மாறுகிறது, ராடு திடீரென்று சறுக்குகிறது என்றால் அது புதுச் செய்தி. எழுதிய ஆழத்தைத் தாண்ட அது ஒன்றே காரணமாக இருக்கலாம். "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்பது காரணமே இல்லை.

காய்ந்துபோனால் அன்றே மூடிவிட வேண்டும். திறந்த குழி குழந்தைகளுக்கு எமன்.

ஏப்ரல் 27
தண்ணீர் வந்ததும் "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்ற பேச்சு கிளம்பும். அந்த இஞ்ச், 'வி' வடிவில் வெட்டிய பலகை வழியே வழியும் நீரின் உயரம். 90 டிகிரி 'வி' வெட்டுப் பலகையில் நீரின் உயரம் 5 செ.மீ. என்றால் நிமிடத்துக்குச் சுமார் 46 லிட்டர், 10 செ.மீ. என்றால் சுமார் 260. உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேல். கம்ப்ரசர் காற்றில் குதிக்கும் தண்ணீரைக் கண்ணால் அளந்தால் பிசகு பெரிதாகும்.

மே 4
மோட்டார் வாங்குவதற்கு முன் வாடகை மோட்டார் வைத்து ஓட்டிப் பாருங்கள். 6½ அங்குலத் துளையில் 100 அடிக்குத் தண்ணீர் நின்றால் சுமார் 650 லிட்டர் இருக்கும். முதலில் கொட்டுவது இந்தச் சேமிப்புதான், ஊற்று அல்ல. 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை வினாடி என்று மணிக்கு ஒருமுறை குறியுங்கள். 100 வினாடி 200 ஆனால் வரத்து பாதியாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கடைசி எண்ணுக்கேற்ற மோட்டாரை வாங்கினால் வெற்றோட்டத்தில் மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) கருகாது.

மே 11
குடிக்கவும் அந்தத் தண்ணீர்தான் என்றால் ஃபுளோரைடு பார்க்காமல் விடாதீர்கள். நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது; காய்ச்சினாலும் குறையாது. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மி.கி., மாற்று நீர் இல்லாதபோது அதிகபட்சம் 1.5. கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். சிறு செலவில் தெரிந்துகொள்ள முடிவதைத் தெரியாமல் வைத்திருப்பதற்கு நியாயமே கிடையாது.

பெங்களூரா மாங்கன்றும் தென்னையும் இந்த ஆண்டு வேண்டாம். ராகி, தக்காளி என்று குறுகிய பயிர் வைத்து, அடுத்த மே மாதத்தில் அதே டிரம்மை அதே மாதிரி நிரப்பிப் பார்த்த பிறகு நடலாம்.