நான்கு மடங்கு பெரிதாக்கினால் எவையெல்லாம் மறைகின்றன: குறைபார்வைக் குழந்தைகளுக்கான கோடிங் ஆப், வடிவமைப்பு நாட்குறிப்பு

மார்ச் 3

"எல்லாவற்றையும் பெரிதாக்கிவிடலாம்" என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். திரையை 4 மடங்கு ஜூம் செய்தால் ஒரு நேரத்தில் தெரிவது 16-இல் ஒரு பங்கு. இடது ஓரத்தில் பிளாக்குகள் (நிரலின் கட்டளைத் துண்டுகள்), மேலே நிரலை ஓட்டும் பட்டன், வலது ஓரத்தில் நிரல் சொன்னபடி நகரும் ஆமை என்ற வழக்கமான அமைப்பில், பட்டனை அழுத்திவிட்டு ஆமையைத் தேடிப் போவதற்குள் அது நடந்து முடித்துவிடும். நிரல் தவறா, தான் பார்க்கத் தவறியதா என்று குழந்தைக்குத் தெரிய வழியில்லை. எனவே அழுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே பலன் தெரிய வேண்டும்.

1280×1024 திரையை உலாவியில் 400% பெரிதாக்கினால் நமக்கு மிஞ்சுவது 320×256 பிக்சல். ஆமை நடக்க, 60 பிக்சல் சதுரங்களால் ஆன 5×5 கட்டத்துக்கு 300 உயரம் வேண்டும், அடங்காது. 5×3 என்றால் 180. மீதி 76-இல் 64 பிக்சல் உயரப் பட்டன் ஒன்று. நிரலின் நடப்பு வரியே அதன் மேல் எழுதியிருக்கும், தட்டினால் ஒரு படி நகரும். முழுத்திரையில் உருட்டாமலே எல்லாம் தெரிகிறது.

மார்ச் 6

(255, 171, 25) என்ற சிவப்பு, பச்சை, நீல அளவுகள் கொண்ட ஆரஞ்சு பிளாக்கில் வெள்ளை எழுத்தின் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு) வெறும் 1.9:1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும், நாங்கள் வைத்த இலக்கு 7:1. அதே ஆரஞ்சில் கறுப்பு எழுத்து 11:1! பிளாக்கின் நிறத்தைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் வெள்ளைப் பின்னணியில் ஆரஞ்சு விளிம்பும் அதே 1.9:1-தான், 3 பிக்சல் கறுப்புக் கோடு சுற்றிலும் போட வேண்டும்.

அல்பினிசம் (பிறவியிலேயே நிறமி குறைந்த நிலை) உள்ள குழந்தைகள் பலருக்கு வெளிச்சக்கூச்சம் இருக்கும். இருண்ட பின்னணிக்கான தேர்வு முதல் திரையிலேயே இருக்கட்டும். அமைப்புகளுக்குள் புதைத்தால் அதைத் தேடும் நேரமெல்லாம் கண் கூசும்.

மார்ச் 7

எழுத்துரு. சிலவற்றில் 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கின்றன, அவை வேண்டாம். புள்ளி தடிமனாகத் தெரிய வேண்டும். வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.5 மடங்கு.

மார்ச் 12

பிளாக்கை விரலால் இழுத்துக்கொண்டு போய் விடும் முறையை நீக்கியாகிவிட்டது. விரல் பிளாக்கையே மறைக்கிறது; ஜூமில் சேர வேண்டிய இடம் திரைக்கு வெளியே நிற்கிறது. 2023-இல் வந்த, இணையத்தை எல்லோரும் பயன்படுத்த வழிசெய்யும் நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.2-உம் இழுப்புக்கு மாற்றுவழி கேட்கிறது. இப்போது இரண்டே தட்டல்: பிளாக்கைத் தட்டினால், அது பொருந்தக்கூடிய இடங்களில் மட்டும் "இங்கே" என்ற பட்டன்கள் திறக்கும், ஒன்றைத் தட்டினால் அமர்ந்துவிடும். "கைவிடு" பட்டன் எப்போதும் கூடவே நிற்கும்.

"மீண்டும் செய்" பிளாக்குக்குள் இருப்பதை உள்தள்ளலால் மட்டும் காட்டினால் ஜூமில் தெரியாது, ஏனென்றால் ஒப்பிட வேண்டிய இடது விளிம்பே பார்வையில் இல்லை. வரிக்கு 3.1, 3.2 என எண் கொடுத்தோம்.

மார்ச் 18

கேன்வாஸில் (உலாவியின் ஓவியப் பரப்பில்) வரைந்த பிளாக், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு வெற்றுப் படம். அதே நிரலை உண்மையான பட்டன்களின் பட்டியலாகவும் வைக்க வேண்டும். சொல்லும் வரிசையும் முக்கியம்: "பிளாக், வரி 3, முன்னே நகர்" என்று சொன்னால் குழந்தை ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். "முன்னே நகர், 2 கட்டம், வரி 3" என்றால் முதல் சொல்லிலேயே தாண்டிப் போகலாம்.

ஆமையின் ஒவ்வொரு அடியையும் பேசவிட்டால் பேச்சு பின்தங்கிவிடும். ஆமை நின்ற பிறகும் பழைய அடிகளை வாசித்துக்கொண்டிருக்கும். படிப்படியாக ஓட்டும்போது மட்டும் பேச்சு. முழுவதும் ஓட்டும்போது அடிக்கு ஒரு குறுஒலி, முடிவில் "வரிசை 2, கட்டம் 4".

பிழைச் செய்தி சில நொடிகளில் மறையக் கூடாது. பிழையான வரிக்குக் கீழேயே, குழந்தை மூடும்வரை நிற்க வேண்டும்.

மார்ச் 24

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயில் பார்வைப்புலம் ஓரங்களிலிருந்து சுருங்கும். நடுப்பார்வை நன்றாக இருக்கும் நிலையில் பெரிய பிளாக் அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்காமல் போகும். அளவுப் பட்டனில் "பெரிதாக்கு" மட்டும் இருந்தது. "சிறிதாக்கு" சேர்த்தோம், தொடும் பரப்பு மட்டும் 48 பிக்சலுக்குக் கீழே இறங்காது.