வெளிநாட்டில் வீடு கட்டும் தன்னார்வப் பணி: விசா, காப்பீடு, கலவை

"டூரிஸ்ட் விசாவிலேயே வந்துவிடுங்கள். ஏர்போர்ட்டில் கேட்டால் ஊர் சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள்." ஆள் சேர்ப்பவர்கள் இப்படி எழுதினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் குழுவுக்கு இப்படித்தான் எழுதினார்கள், கோபம் இன்னும் ஆறவில்லை. இமிக்ரேஷனில் பொய் சொல்லி மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவது பயணிதான், ஏற்பாடு செய்தவர் இல்லை. அடுத்து எந்த நாட்டு விசாவுக்கு விண்ணப்பித்தாலும் "இதற்கு முன் அனுமதி மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

சம்பளம் இல்லாததால் அது வேலை ஆகாது என்று நினைக்காதீர்கள். நேபாளத்தில் சுற்றுலா விசாவில் இருப்பவர் ஊதியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலை செய்யக்கூடாது. பிரிட்டனில் விசிட்டர் விசாவில் தன்னார்வப் பணிக்கு இடமுண்டு. ஆனால் மொத்தம் 30 நாளுக்குள் இருக்க வேண்டும், பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மட்டும்தான் செய்யலாம், பயணத்தின் முக்கிய நோக்கமும் அதுவாக இருக்கக்கூடாது. ஒரு நாட்டு விதியை இன்னொரு நாட்டுக்குப் பொருத்திப் பார்க்காமல், அந்தந்தத் தூதரகத்திடமே எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எங்களை அலைக்கழித்தது அழைப்புக் கடிதம். "நட்புடன் வரவேற்கிறோம்" என்று அழகாக எழுதி அனுப்பியிருந்தார்கள், அமைப்பின் பதிவு எண் மட்டும் இல்லை. விசா கவுண்டரில் திருப்பிக் கொடுத்தார்கள். எண்ணைச் சேர்த்துக் கொண்டுபோனால், கையெழுத்துப் போட்டவரின் அடையாள அட்டை நகல் வேண்டும் என்றார்கள். இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வெளிநாட்டிலிருந்து பதில் வரக் காத்திருக்க வேண்டும், விமான டிக்கெட்டோ அதற்கெல்லாம் காத்திருக்காது. ஆகவே முதல் கடிதத்திலேயே இவ்வளவையும் கேட்டு வாங்குங்கள்: லெட்டர்ஹெட், பதிவு எண், வேலை நடக்கும் இடத்தின் முழு முகவரி, தேதிகள், என்ன வேலை, தங்குமிடச் செலவு யாருடையது, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, அடையாள நகல். காவல் துறை நடத்தைச் சான்றும் கேட்பார்கள். அது பழையதாக இருந்தால் ஏற்க மாட்டார்கள் என்பதால் ரொம்ப முன்கூட்டி எடுக்க வேண்டாம்.

அடுத்தது காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் உடலுழைப்பு வேலைக்கு விலக்கு இருக்கும். பாலிசியின் விலக்குப் பட்டியலில் 'மேனுவல் ஒர்க்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். கட்டட வேலைக்குப் பாலிசியோடு தனிச் சேர்க்கை (ஆட்-ஆன்) வாங்கினாலும் உயர வரம்பு இருக்கலாம், அதைத் தாண்டிச் சாரத்தில் நின்று விழுந்தால் பணம் வராது. பவர் டூல் பயன்படுத்தலாமா, அவசரமென்றால் விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா என்ற இரண்டையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஃபோனில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொல்வதை நம்பிப் போக வேண்டாம்.

டெட்டனஸ் பூஸ்டர் 10 ஆண்டுக்கு ஒரு முறை. மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்கும் நாடு என்றால், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். பூட்ஸ், முன்பக்கம் இரும்பும் அடியில் ஆணி ஏறாத தகடும் உள்ளதாக இருக்கட்டும் (எஸ்3 என்ற குறி இருந்தால் இரண்டும் உண்டு). புது பூட்ஸை அங்கே போய்த்தான் முதன்முதலில் போடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி சைட். தன்னார்வலர் கட்டிய சுவரைக் கொத்தனார் மாலையில் பிரித்துக் கட்டுவது நடக்கிற விஷயம். அதற்குக் காரணம் பெரும்பாலும் சிமெண்ட் கலவையும், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டைச் சரியாகப் பிடிக்காததும்தான். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர் கொள்ளும். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்றால் 35 லிட்டர் பெட்டியில் ஆறு பெட்டி மணல். மூட்டை எடை நாட்டுக்கு நாடு மாறும், பிலிப்பைன்ஸில் 40 கிலோ. அங்கே அதே ஆறு பெட்டியைப் போட்டால் கலவை வலுவிழந்துவிடும். புதுக் கைகள் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் ஒரே நேரத்தில் முழு மூட்டையைக் கலக்காதீர்கள், அரை மூட்டை போதும். தண்ணீர் ஊற்றிய ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறினால் கொத்துக்கரண்டிக்கு இளகலாக இருக்கும், ஆனால் பிடிப்பு போய்விடும். இதைச் செய்யச் சொல்கிற மேற்பார்வையாளர்களும் இருக்கிறார்கள். மறுத்துவிடுங்கள், அந்தச் சுவருக்குள் ஒரு குடும்பம் வாழப்போகிறது.

சுட்ட செங்கல்லை நனைத்து வைக்க வேண்டும், கான்கிரீட் பிளாக்கை நனைக்கக் கூடாது. கற்களுக்கு இடையே கலவை இணைப்பு 10 மி.மீ. ஒவ்வொரு வரி முடிந்ததும் குண்டு பிடியுங்கள். வரிக்கு 2 மி.மீ. சாய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, பத்து வரியில் 2 செ.மீ. ஆகிவிடும், அதன்பின் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம், அடியில் இருக்கும் பச்சைக் கலவை நசுங்கும்.

ஈரச் சிமெண்ட் தோலைப் பொசுக்கும், அது கடுமையான காரம். துணிக் கையுறையும் தோல் கையுறையும் ஈரத்தை உறிஞ்சிக் கையோடு ஒட்டவைக்கும், அதனால் நைட்ரைல் (ஈரம் புகாத செயற்கை ரப்பர்) கையுறைதான் சரி. தளம் போடும்போது பூட்ஸுக்குள் கான்கிரீட் வழிந்தால் அப்போது வலிக்காது. மாலையில் சாக்ஸைக் கழற்றும்போதுதான் கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்திருப்பது தெரியும். உள்ளே போனது தெரிந்த உடனே பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் இருபது நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஆள் அனுப்புங்கள்.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது மூன்று: உள்ளூர்க் கொத்தனார் சம்பளத்துக்கு இருக்கிறாரா, அந்தக் குடும்பமும் வேலையில் பங்கெடுக்கிறதா, கட்டணம் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிறார்களா. வீடு கட்டித்தரும் தொண்டு அமைப்பான, 1976-இல் தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி, வீடு பெறும் குடும்பமும் தன் உழைப்பைத் தர வேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறது. தன்னார்வலர் தரும் பணத்தில்தான் சிமெண்டே வாங்குகிறார்கள் என்றால் அதைக் குறை சொல்ல மாட்டேன், கணக்கு மட்டும் வெளிப்படையாக இருக்க வேண்டும். பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

கொத்துக்கரண்டி, ரசமட்டம், டேப் எல்லாம் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் இருந்தால் பறிமுதல் ஆகலாம். சின்னக் காயமானாலும் அன்றைக்கே சைட் பதிவேட்டில் எழுதச் சொல்லி, மேற்பார்வையாளர் கையெழுத்தோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். க்ளெய்ம் போடும்போது ஆஸ்பத்திரியின் அசல் பில்லோடு அதையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். ஊர் திரும்பிய பிறகு அந்தக் கையெழுத்தை வாங்குவது லேசில் நடக்காது.